இடப்பக்க மூக்குத்தி

பாம்பனில் தையல் வகுப்பு எடுத்த முதல் வருடத்தில், ஒரு பெண்ணைத் திருடி என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவள் எதையும் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். கடைசிவரை மூடி வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல். மதுரையில் தையல் படித்து முடித்ததும் பாம்பனுக்கு வேலை உத்தரவு வந்தது. ரயிலேற்றிவிட வந்த அய்யா, "கடக்கரை ஊரு, பல சனம் வந்து போற எடம். பாத்து இருத்தா" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன். யாரையும் சட்டென்று நம்புகிற குணம் எனக்குக் கிடையாது. மதுரை விடுதியில் குளித்து முடித்ததும் என் சோப்பின் மேல் ஊசியால் ஒரு கோடு கீறி வைப்பேன். வேறு யாராவது எடுத்துத் தேய்த்தால் கோடு மங்கியிருக்கும். ஒரு நாள்கூட மங்கியதில்லை. ஆனாலும் படிப்பு முடியும்வரை தினமும் கீறிக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், முன்பு கருவாட்டு மூட்டை அடுக்கியிருந்த ஒரு நீள அறையில் வகுப்பு நடந்தது. எத்தனை தடவை கழுவிவிட்டாலும் மழைக்காலத்தில் வாடை கிளம்பிவிடும். பதினான்கு பெண்கள், ஒரே ஒரு மெஷின். கையால் தைத்துப் பழகியபின் முறை வைத்து மெஷினில் உட்காருவார்கள். தைத்ததைப் போட்டுப் பார்ப்பதற்காக வடக்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாத்தியிருந்தோம். யாரோ பழைய பீரோக் கதவிலிருந்து கழற்றிக் கொடுத்தது. உப்புக் காற்று பட்டு மேல்பகுதியில் ரசம் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்ததால், தள்ளி நிற்பவர்களின் கண்ணும் நெற்றியும் புகை மூட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். மூக்கிலிருந்து கீழேதான் தெளிவு.

வகுப்புக்கு வரும் ஒரு அக்காவின் வீட்டில் எனக்கு ஜாகை. அவளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அக்காவுக்குப் பேச்சு குறைவு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவு நிலையில் சாய்ந்து நின்று, "இன்னும் ரெண்டு துண்டு மீன் வைக்கட்டா டீச்சர்?" என்று மட்டும் கேட்பாள். பாம்பனில் நான் ஓரளவு நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

கொஞ்சமும் நம்பாத ஆளும் ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் அவளைக் கொழும்புக்காரி என்பார்கள். அவளுடைய பெற்றோர் இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள்தான். பிழைப்புக்காகக் கொழும்பு போனவர்கள். அங்கே பிறந்து வளர்ந்தவள் கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவன் தனுஷ்கோடித் துறையில் கப்பல் பயணிகளின் பெட்டி சுமப்பவன். ஆமாம் என்பதற்கு அவள் 'ஓம்' என்பாள். மெஷினில் முதல் நாள் உட்கார்ந்தபோதே, புதியவர்களைப்போலச் சக்கரத்தைப் பின்பக்கம் சுழலவிடாமல், மிதியை நேராக ஓட்டினாள்.

"இதுக்கு முன்னாடி மெஷின்ல தைச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். தைக்கிறதைப் பார்த்திருக்கன்."

நான் அதை நம்பவில்லை. பார்த்தே ஒருத்திக்கு இவ்வளவு வருமா? எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் இன்னொரு வித்தியாசமும் இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் மூக்குத்தி வலப்பக்கம். அவளுக்கு மட்டும் இடப்பக்கம். சின்ன வயதில் வலப்பக்கம் குத்திய துளை சீழ் பிடித்துத் தூர்ந்துபோனதால் மறுபக்கம் குத்தினார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் கண்ணாடியைப் பார்த்தபடி மேஜையில் உட்கார்ந்து, ஒரு மாதிரி ரவிக்கைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வாயில் ஏழெட்டு ஊசிகளைக் கடித்துப் பிடித்திருந்தேன். மெஷின் எனக்குப் பின்னால் இருந்தது. ஏதோ அசைவு தெரிந்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்குள் ஒரு பெண் மெஷின் மேல் குனிந்திருந்தாள். அரக்கு நிறப் புடவை. அந்த மாதம் கூட்டுறவுக் கடையில் அந்த ஒரு நிறம்தான் வந்தது. வகுப்பில் பாதிப்பேர் அதைத்தான் கட்டியிருந்தார்கள். முகத்தின் மேல்பாதி ரசம் போன இடத்தில் மறைந்துவிட்டது. மூக்குத்தி மட்டும் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு கணம் மின்னியது. யாரோ மெஷினைத் துடைக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி ஊசியில் கண்ணை வைத்தேன். வாய் நிறைய ஊசியோடு திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் மெஷின் தைக்கவில்லை. ஊசி இறங்கி ஏறியது, துணியில் ஓட்டை விழுந்தது, தையல் விழவில்லை. தட்டைத் திறந்து பார்த்தேன். அடிநூல் சுற்றிய பாபினை உள்ளே வைத்துப் பூட்டுகிற சின்ன இரும்புக் கிண்ணம், பாபின் கேஸ், பாபினோடு சேர்த்துக் காணோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். ஆனால் அது இல்லாமல் மெஷின் வெறும் மேஜைதான். புதிதாக வேண்டுமென்றால் மதுரையிலிருந்து வர வேண்டும்.

"யாரும் வெளிய போகாதீங்க," என்றேன். "மெஷின்லருந்து ஒரு சாமான் திருட்டுப் போயிருக்கு."

திருட்டு என்ற சொல்லை அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன். கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் கண்டது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து நிற்பதாக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மூக்குத்தி எந்தப் பக்கம் மின்னியது? என் வலது கைப் பக்கம். எதிரே நிற்பவளுக்கு அது இடப்பக்கம்.

நேராகக் கொழும்புக்காரியிடம் போனேன்.

"சாப்பாட்டு நேரத்துல மெஷின்கிட்ட எதுக்குப் போன?"

"நான் போகல்ல டீச்சர். கிணத்தடியில இருந்தன்."

"என் கண்ணால பார்த்தேன்."

"என்னையா?"

"ஒன் மூக்குத்தியை."

அவள் கை தானாக மூக்குக்குப் போனது. மற்ற பதின்மூன்று பேரும் அவள் மூக்கைத்தான் பார்த்தார்கள். அவள் தன் துணிப்பையைத் தரையில் கவிழ்த்தாள். கத்தரிக்கோல், நூல்கண்டு, பாதி தைத்த குழந்தைச் சட்டை, ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற பித்தளை மூடி. மூடி உருண்டு ஓடியது. எங்கள் வீட்டு அக்கா அதை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பாபின் கேஸ் இல்லை. இல்லாதது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. அதற்குள் எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நாளையிலருந்து நான் வரல்ல," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

புதுச் சாமான் வேண்டுமென்றால், வகுப்பை நடத்துகிற ராமநாதபுரம் ஆபீசுக்குக் காரணம் எழுத வேண்டும். அவள் பெயரைக் குறிப்பிட்டு, 'இவர் எடுத்திருப்பதாகப் பலமாகச் சந்தேகிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே அவள் கணவன் வீட்டைக் காலி செய்து தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். ஓடிப்போனது எனக்கு இன்னொரு சாட்சியாகப் பட்டது.

அதன் பிறகு வகுப்பு முன்போல் இல்லை. சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொருவர் பையையும் நான் சோதித்தேன். முன்பெல்லாம் ஒருத்தி நூலை இன்னொருத்தி கேட்காமலே எடுத்துக் கோப்பாள். இப்போது கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு தைத்தார்கள். ஊசி ஒன்று தொலைந்தால் அறை முழுக்கப் பேச்சு நின்றுவிடும். நான் அதை ஒழுங்கு என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் பாபின் கேஸ் வந்தது. மெஷின் ஓடியது. அதற்கும் சில நாள் கழித்து ரவிக்கை வெட்டும் பாடம். ஒரு பெண் முன்பக்கத் துண்டு இரண்டையும் துணியைத் திருப்பாமல் ஒரே மாதிரி வெட்டிவிட்டாள். இரண்டும் வலப்பக்கத் துண்டு. இடப்பக்கத்துக்கு ஆளில்லை. புதிதாக வெட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கக் கூடாதுத்தா, ஒண்ணுக்கொண்ணு சோடியா இருக்கணும்," என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன் போனேன். துண்டின் ஓரம் கண்ணாடியில் படும்படி பிடித்தேன். "இதோ பாரு. உள்ள தெரியுதுல்ல, அதுதான் இதுக்குச் சோடி. கையில இருக்கிறது வலது, கண்ணாடிக்குள்ள இருக்கிறது இடது."

சொல்லி முடிக்கும்போது கண்ணாடிக்குள் என் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். பதின்மூன்று பேருக்கும் மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கம். மறுபடி கண்ணாடி. இடப்பக்கம். மாராப்பும் அப்படியே, இடது தோளில் போட்டிருந்த முந்தானை எல்லாம் உள்ளே வலது தோளில் கிடந்தது. பிறந்ததிலிருந்து கண்ணாடி பார்க்கிறேன். பொட்டு நேராக இருக்கிறதா, வகிடு கோணவில்லையா என்று பார்ப்போமே தவிர, உள்ளே நிற்பவளின் வலது எது, இடது எது என்று யார் கேட்டார்கள்? பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தலைவலி என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் அறைக்குள் தனியாக நின்றேன். கண்ணாடி என்னை ஏமாற்றிவிட்டது என்று அதன்மேல் பழியைப் போடத்தான் முதலில் ஆசைப்பட்டேன். வடக்குப் பார்த்து அதற்கு முன் நின்று வலது கையை நீட்டினேன். என் கை ராமேஸ்வரத்துப் பக்கம் நீண்டது. உள்ளே இருந்தவள் கையும் அதே ராமேஸ்வரத்துப் பக்கம்தான் நீண்டது. இடது கையைப் பாலத்துப் பக்கம் நீட்டினேன். அவளும் பாலத்துப் பக்கமே நீட்டினாள். என் தலை மேலே, அவள் தலையும் மேலே. பக்கம் எதையும் கண்ணாடி மாற்றவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்றுதான். நான் வடக்கே பார்த்தேன், அவள் தெற்கே பார்த்தாள். முன்னும் பின்னும்தான் மாறியிருந்தன.

அப்படியானால் இடம் வலம் எங்கிருந்து வந்தது? நான்தான் கொண்டுவந்தேன். உள்ளே ஒரு ஆளைக் கண்டதும், அவள் நடந்து சுற்றிவந்து எனக்கு எதிரே நிற்பதாக என் மனம் எடுத்துக்கொள்கிறது. நிஜமாக ஒருத்தி அப்படிச் சுற்றி வந்து நின்றால் அவளுடைய வலது கை பாலத்துப் பக்கம் போயிருக்கும். கண்ணாடிக்குள் இருப்பவள் சுற்றி வரவில்லை. வெளிச்சம் போன வழியே திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் நிச்சயம் வேண்டியிருந்தது. ஒரு காகிதத்தில் 'பாம்பன்' என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியில் தலைகீழாகவில்லை, ஆனால் பக்கம் மாறித் தெரிந்தது. பிறகு மெல்லிய மல் துணியில் நீலச் சாக்பீஸால் அதையே எழுதி, எழுத்து என்னைப் பார்க்கும்படி விரித்துப் பிடித்தேன். துணியில் நேராகப் படிக்க முடிந்தது. துணிக்குப் பின்னால் கண்ணாடியிலும் அதே எழுத்தை நேராகப் படிக்க முடிந்தது. காகிதத்தைக் கண்ணாடிக்குக் காட்டத் திருப்பியது என் கைதான். திருப்பாத துணியில் எதுவும் மாறவில்லை.

துணியை மடித்து வைத்தேன். அன்று மெஷினிடம் நின்றவளுக்கு மூக்குத்தி வலப்பக்கம். கொழும்புக்காரியைத் தவிர வேறு யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் பதின்மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அரக்குப் புடவை கட்டியிருந்தார்கள்? யார் அன்று கண்ணைத் தாழ்த்தினார்கள்? வீட்டில் அக்கா சோறு போடும்போது அவள் மூக்கைப் பார்த்தேன். அவளும் கவனித்துவிட்டாள், அன்று இன்னும் இரண்டு துண்டு வைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வகுப்பில் எல்லோரையும் கண்ணாடி முன் வரிசையாக நிற்கச் சொன்னேன். ராமேஸ்வரத்துக் கை, பாலத்துக் கை இரண்டையும் நீட்டச் சொன்னேன். மல் துணியைக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "அன்னைக்கு நான் கண்ணாடியிலதான் பார்த்தேன். இடப்பக்க மூக்குத்தின்னு நெனச்சது தப்பு. அந்தப் பிள்ளை எடுக்கலை. அவளை நான் அநியாயமாப் பேசிட்டேன்."

ஒன்றிரண்டு பேர் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நான் வகுப்புக்குக் கிளம்பும்போது அக்கா மிளகாய் வத்தல் டப்பாவோடு வந்து நின்றாள். உள்ளே கையை விட்டு பாபின் கேஸை எடுத்து என் முன் வைத்தாள். அதன் பக்கத்திலிருக்கும் சின்னக் கொக்கி உடைந்திருந்தது.

"நான் களவாங்கலை டீச்சர்," என்றாள். "நீங்க மாட்டுறாப்புல ஒருதரம் மாட்டிப் பழகுவோம்னு எடுத்தேன். கை நழுவி விழுந்துருச்சு. கொக்கி போச்சு. பட்டறையில வேலை பாக்குற எங்க அண்ணன்கிட்டக் குடுத்துப் பத்தவச்சு மறுநா கொண்டாந்து வச்சிருவோம்னு மடியில முடிஞ்சேன். அதுக்குள்ள நீங்க திருட்டுன்னுட்டீக."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"திருட்டுன்னு சொன்ன பெறகு மடியிலருந்து எடுத்தா நான் திருடிதான? நாக்கு ஒட்டிக்கிருச்சு. பெறகு நீங்க அவளைக் கை காட்டினீக. எனக்கு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "எனக்கு அப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு டீச்சர். அதுதான் இப்ப வரைக்கும் தூங்க விடல."

நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. கீழே விழுந்ததா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஆபீசுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் சந்தேகம் என்று எழுதியது என் பார்வைப் பிழை என்றும், சாமான் உடைந்த நிலையில் கிடைத்துவிட்டதென்றும், அந்தப் பெண்ணை வருடக் கடைசிப் பரீட்சைக்கு அனுமதிக்க வேண்டுமென்றும் எழுதினேன். பதிலுக்கு எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரியில் அவளுக்கு அனுமதியும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்கு ரயில் ஏறினேன். துறைக்குப் பின்னால் ஓலைக் கூரை வீடு. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி, மல் துணி, உடைந்த கொக்கி. யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"ஆளைச் சொல்ல வேணாம்," என்றாள். "எனக்கு அண்டைக்கே தெரியும். உருண்டுபோன மூடிய எடுத்துத் தந்த கை நடுங்கினது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க என்னைய நம்பியிருப்பீங்களா?"

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"கண்ணாடி பிழையாக் காட்டினதுன்னு சொல்றீங்க," என்றாள்.

"கண்ணாடி சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"கண்ணாடிய நினைக்க முந்தியே நீங்க என்னையத்தான் நினைச்சீங்க டீச்சர். இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மெஷின் தைக்காமல் நின்ற அந்தக் கணத்தை நினைத்துப் பார்த்தேன். தட்டைத் திறந்ததும், மூக்குத்தி ஞாபகம் வருவதற்கு முன்பே, என் கண் அவள் உட்காரும் இடத்துக்குத்தான் போனது.

"ஓம்," என்றேன். ஏன் அவள் சொல்லில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அனுமதிக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்து, மடித்து இடுப்பில் செருகினாள். "வகுப்புக்கு வர மாட்டன். பரீட்சைக்கு வாரன்," என்றாள். ரயிலடிவரை வந்து வழியனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலோடு நின்றுவிட்டாள்.

பரீட்சை ராமநாதபுரத்தில் நடந்தது. அவள் கணவனோடு வந்தாள். மெஷினைத் தொட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்ததால் முதல் தையல் கோணிப் போனது; பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எங்கள் அக்கா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மதியம் அக்கா எழுந்துபோய் அவளிடம் ஏதோ சொன்னாள். எட்டி இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்ததாக இருக்கலாம், போ என்றதாகவும் இருக்கலாம். இருவரும் தேறினார்கள். கொழும்புப் பெண்ணுக்கு மதிப்பெண் அதிகம்.

தைத்த ரவிக்கையைப் பரீட்சை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். பழக்கதோஷத்தில் என் கை அவள் பையை நோக்கிச் சற்று நீண்டுவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். படியிறங்கி, வெயிலில் காத்திருந்த கணவனிடம் போனாள்.